முன் பிரேக் சத்தமும் செல்வியும்

ஒரு வாரமாக என் பைக்கின் முன் பிரேக்கில் கரகரவென்று சத்தம். பின்னால் உட்கார்ந்து வரும் என் மனைவி செல்வி தினமும் சொன்னாள். தூசியாக இருக்கும் என்று நானும் தினமும் சொன்னேன்.

இன்று காலை அவளை வேலைக்குக் கொண்டுவிடப் போனபோது, அடையாறு சிக்னலில் எவ்வளவு அழுத்தியும் வண்டி சட்டென்று நிற்கவில்லை. முன்னால் நின்ற ஆட்டோவை இடிக்க ஒரு சாண்தான் பாக்கி.

நேராக மெக்கானிக் பாயிடம் போனோம்.

"பிரேக் புடிச்சா மட்டும் கத்துதா, சும்மா ஓட்னாலும் கத்துதா?" என்று கேட்டார்.

நான் செல்வியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சொன்னாள்: "புடிச்சா மட்டுந்தான் பாய். மொதல்ல கீச்சுன்னு வந்துச்சு. ரெண்டு நாளா இரும்பை அரைக்கிற மாதிரி கீது."

பாய் கழற்றிப் பார்த்தார். "கரெக்டா சொல்லிட்டாங்க. பிரேக் பேடு சுத்தமா தேஞ்சி, இரும்பு டிஸ்க்க அறுத்துக்கினு கீது. ஏம்பா, வண்டி ஓட்றது நீதானே?"

புது பேடு மாட்டிக் கிளம்பும்போது அவளிடம் கேட்டேன்: "இவ்ளோ தெரிஞ்சும் ஏன் என்கூட வந்த? பஸ்ல போயிருக்கலாமே?"

"நான் பின்னால இருந்தாதான் நீ மெதுவா ஓட்ற. தனியா உட்டா பறப்ப."

அப்புறம் வழி முழுக்க முப்பதைத் தாண்டாமல் ஓட்டினேன். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?