செம்மஞ்சள் தொப்பியைக் கழற்றிய நாள்

நான் அவசரக்காரன். கலியாணமான நாளிலிருந்து மனைவி இதைச் சொல்லி வருகிறாள். நான் அதை ஒத்துக்கொண்டது அந்த நவம்பர் மத்தியானத்தில்தான்.

ரொறன்ரோவிலிருந்து வடக்கே இரண்டு மணி நேர ஓட்டம். அங்கே ஒரு வெள்ளைக்காரக் கமக்காரர் மூன்று வருடமாகத் தன் காணியில் என்னைச் சும்மா மான் வேட்டையாட விடுகிறார். வேட்டைக்காலம் முடிவதற்குள் ஒருமுறை போய் நன்றி சொல்லிவிடுவேன். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போவது எங்களுக்கு ஆகாத காரியம். அந்த முறை மனைவியும் வந்தாள். விடிய எழும்பி, நான் சுட்ட மானின் இறைச்சியிலேயே ஐம்பது பற்றீஸ் பொரித்திருந்தாள். நல்ல உடுப்பு உடுத்து, மேலே வெள்ளைச் சால்வை போட்டிருந்தாள்.

வீட்டுக்குப் போகும் பாதையில் கல் கொட்டியிருந்தார்கள். கார் போகாது. இறங்கும்போது, ஆளை மான் என்று யாரும் சுட்டுவிடாமல் இருக்க வேட்டைக்காலத்தில் போடும் செம்மஞ்சள் மேலங்கியையும் தொப்பியையும் கழற்றிப் பின்சீற்றில் எறிந்தேன். நன்றி சொல்லப் போகிற வீட்டுக்கு வேட்டைக்கோலத்தில் போனால் என்ன மரியாதை? பாதையால் நடந்தால் தூரம். தெரிந்த வீட்டுக்குப் பின்வளவால் போய்ப் பழகியவன் நான். சோளம் வெட்டிய வயலுக்குள் இறங்கினோம்.

நடு வயலில்தான் நினைவு வந்தது. என்னோடு பிறம்ரன் வேர்ஹவுஸில் வேலை செய்பவருக்கும் அந்தக் காணியில் அனுமதி உண்டு. காலையில் போனில் கோல் எடுத்திருந்தார்.

“அண்ணை, இண்டைக்கு உங்கட பரணிலை நான் இருக்கட்டே?”

“ஓம், இரும்” என்று சொன்னவன் நான்தான். பற்றைக்குள் வெள்ளை அசைந்தால் அது மானின் வால், சுணங்கக்கூடாது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவனும் நான்தான்.

மனைவி எனக்கு இருபது அடி முன்னால், முழங்காலளவு காய்ந்த சோளத் தட்டைகளுக்குள் பற்றீஸ் தட்டத்தோடு போய்க்கொண்டிருந்தாள். காற்றில் சால்வை படபடத்தது. வயலின் அந்தக் கரையில், மரத்தில் கட்டிய பரணில், ஒரு செம்மஞ்சள் பொட்டு அசைந்தது. துவக்கு உயர்ந்தது.

வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அவளும் கண்டிருக்க வேண்டும். அப்படியே குப்புற விழுந்து படுத்தாள். துவக்கைக் கண்டால் படுக்க வேண்டும் என்று சின்ன வயதில், சண்டைக்காலத்தில், ஊரில் பழகியது. அவள் விழுந்ததைப் பார்த்துச் சூடு பட்டுவிட்டது என்றே நினைத்தேன். அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது.

“சுடாதையும்! ஆக்கள்! ஆக்கள்!”

துவக்கு தாழ்ந்தது. அவர் இறங்கி ஓடி வந்தார். “விசையிலை விரல் வைச்சிட்டன் அண்ணை, விரல் வைச்சிட்டன்” என்றதையே திரும்பத் திரும்பச் சொன்னார். மனைவி எழும்பி மண்ணைத் தட்டினாள். பாதிப் பற்றீஸ் வயலில் கிடந்தது. மிச்சத்தைத் தட்டத்தில் அடுக்கிக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தாள்.

கமக்காரர் வாசலிலேயே ஒரு பற்றீஸைக் கடித்துவிட்டுச் சிரித்தார். அடுத்த வருடமும் வா, நீ கவனமான ஆள், அதனால்தான் உன்னை விடுகிறேன் என்றார்.

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். “உண்மையைச் சொல்லுங்கோ.”

சொன்னேன். தொப்பியைக் கழற்றியதை, வயலால் வந்ததை, பரணில் ஆள் இருப்பதை மறந்ததை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடித்த பற்றீஸைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய், தன் மனைவியின் செம்மஞ்சள் மேலங்கியைக் கொண்டு வந்து நீட்டினார். என் மனைவி சால்வையைச் சுருட்டி என் கையில் தந்துவிட்டு, அதைப் போட்டுக்கொண்டாள்.

திரும்பும்போது பாதையால் சுற்றி நடந்தோம். அடுத்த வருடத்தைப் பற்றி அவர் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.