மிளகாய் நெடி ஏறாத அறை

என் தங்கை சொக்கம்மாளின் புருஷன் கைலாசத்தை நான் பல வருஷம் கேலி செய்துதான் பொழுதைப் போக்கியிருக்கிறேன். ஆள் அப்படி. நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை வரும். பேச்சின் நடுவில் எழுந்து போய்க் கதவிடுக்கில் கையை வைத்து, காற்று எந்தப் பக்கமாகப் போகிறது என்று பார்ப்பார். பெண் கேட்டு எங்கள் வடகரை வீட்டுக்கு வந்த அன்றே அடுக்களைக்குள் எட்டிப் பார்த்து, "புகை போக வழியைக் காணமே" என்றார். மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்க வந்தாரா, அடுப்பைப் பார்க்க வந்தாரா என்று நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, அது எனக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

அவருக்கு வேலை மலையில். செங்கோட்டையில் ரயிலேறி, கணவாயைத் தாண்டி ஆரியங்காவில் இறங்கி, அரை நாள் நடந்தால் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே ஃபாக்டரியில் இலை காய வைக்கிற டிரையருக்கு நெருப்புப் போடுகிறவர். தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். இந்தப் பக்கம் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு அடுப்பு. அதில் மரம் மரமாகப் போட்டு எரிக்கிறார்கள். அந்தப் பக்கம் தட்டுத் தட்டாக இலை. நடுவில் இரும்புக் குழாய்கள். புகை குழாய்க்குள்ளேயே ஓடி மேலே புகைக்கூண்டு வழியாகப் போய்விடுகிறது. குழாயின் வெளிப்புறத்தை உரசிக்கொண்டு வருகிற காற்றுதான் இலைக்குப் போகிறது. அந்தக் காற்றில் கையை நீட்டினேன். சுட்டது. ஆனால் புகை வாசனை ஒரு பொட்டு இல்லை. நெருப்பிலிருந்து நெருப்பை மட்டும் பிரித்து எடுத்த மாதிரி இருந்தது, நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

நான் இருந்த அன்றைக்கே ஒரு கூத்து நடந்தது. தோட்டத்துத் துரை அன்றைய தூளில் ஒரு வாய் போட்டுக் குடித்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். புகை வாடை என்றார். எனக்கும் கொடுத்தார்கள், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அத்தனை மூட்டையையும் பள்ளத்தில் கொட்டச் சொல்லிவிட்டார். கைலாசம் அடுப்பை அணைத்து, குழாய் குழாயாகத் தடவி, தலைமுடி நுழைகிற அளவுக்கு ஒரு விரிசலைக் கண்டுபிடித்தார்.

"புகை வேற வழி, காத்து வேற வழி. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாக்கவே கூடாது மச்சான்" என்றார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

முப்பத்துநாலில் சொக்கம்மாள் தலைப்பிரசவத்துக்கு வடகரைக்கு வந்தாள். ஆனி மாதக் கடைசி. அந்த வருஷச் சாரல் பத்து நாளாக விடவில்லை. போட்ட துணி காயவில்லை, சுவரெல்லாம் ஓதம். பையன் பிறந்தான். பிள்ளை பெற்ற அறையில் கட்டிலுக்கடியில் நெருப்புச்சட்டி வைப்பது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். விறகு என்றால் புகையும் என்று கரியாகப் பார்த்து நானே தென்காசியிலிருந்து வாங்கி வந்தேன். சுவரில் உயரமாக ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. அது வழியாகச் சாரல் அடிக்கிறதென்று சாக்கைச் சுருட்டி நன்றாக அடைத்தேன். ஏணி போட்டு ஏறி, கட்டையால் இடித்து இடித்து அடைத்தேன். தாய்மாமன் அல்லவா, அவ்வளவு அக்கறை.

பிள்ளை செக்கச் செவேலென்று இருந்தான். எங்கள் இரண்டு குடும்பத்திலும் இல்லாத நிறம். என் தாயார் வடிவம்மாள் வருகிறவர்களிடமெல்லாம் அந்த நிறத்தைச் சொல்லிப் பூரித்துப் போனாள். சொக்கம்மாள் மட்டும் தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பேறுகால மயக்கம் என்றார்கள். மூன்றாம் நாள் லீவு போட்டுக்கொண்டு கைலாசம் நனைந்து வந்து சேர்ந்தார். நாலாம் நாள் காலையில் பார்த்தால் பிள்ளைக்கு மூச்சு இல்லை. சொக்கம்மாளை வெளியே தூக்கி வந்து போட்டு, அவள் கண் திறக்க வெகுநேரம் ஆயிற்று.

குளிர் தாங்காமல் போய்விட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். இன்னொரு சட்டி வைத்திருக்கலாம் என்று நானும் சொன்னேன். கைலாசம் அன்று அந்த அறைக்குள் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். அந்த மாதமே மலை வேலையை விட்டுவிட்டு, தென்காசியில் ஒரு ரைஸ் மில்லில் நெல் அவிக்கிற அடுப்புக்குச் சேர்ந்தார். குற்றாலத்தில் சிற்றாற்றங்கரையில் இருந்த தன் தகப்பனார் வீட்டில் என் தங்கையோடு குடியேறினார்.

இரண்டு வருஷம் கழித்து சொக்கம்மாள் மறுபடி உண்டானாள். கணக்குப்படி ஆடியில் பிள்ளை, அதாவது நல்ல சாரலில். வைகாசியில் நான் வண்டி கட்டிக்கொண்டு அவளைக் கூட்டிவரப் போனேன். போனால் வீட்டின் பின்னறைச் சுவர் பாதி இடிந்து கிடக்கிறது. மாப்பிள்ளை முழங்கால் வரை சுண்ணாம்பில் நிற்கிறார்.

"என்னவே மாப்ள, பேறுகால வீட்டை இடிச்சுப் போட்டுட்டு நிக்கீரு. கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா?"

"அவ இங்கனயே இருக்கட்டும் மச்சான். அறை ஒண்ணு கெட்டுதேன்."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் வைத்துப் பிள்ளை போனதைக் குத்திக் காட்டுகிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு, சரி, அறையைச் சூடாக வைக்க வேண்டும், அவ்வளவுதானே, அதற்குச் சுவரை இடிப்பானேன் என்று வழி சொன்னேன். சிரட்டைக் கரி போடலாம், அதில் புகையே கிடையாது என்றேன்.

"கண்ணுக்குத் தெரியாத புகைதான் மச்சான் பொல்லாதது."

சீமைக்குப் போய்விட்ட ஒரு துரையின் பங்களாவில் இரும்புக் கணப்பு ஒன்று விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு அவரை இழுத்துக்கொண்டு போனேன். பூவேலை செய்த நாலு கால், தலையில் ஒரு குழாய், மைனர் மாதிரி நின்றது. அதை வாங்கி வைத்தால் குற்றாலமே வந்து பார்த்துவிட்டுப் போகும் என்று எனக்கு ஆசை. கைலாசம் மண்டியிட்டு அதன் குட்டிக் கதவைத் திறந்து பார்த்தார்.

"விறகு போட இதை அறைக்குள்ள இருந்துதான தொறக்கணும்?"

"ஆமா, பின்ன?"

"அப்ப வேண்டாம்."

மூன்றாவதாக அவர் மனதில் இருந்தது அந்தச் சுவர்தான். நெருப்பு வாய் அறைக்கு வெளியே, கொல்லையில். தென்காசிக் குயவரிடம் சொல்லிச் சுட்டு வாங்கிய மண் குழாய்கள் சுவருக்குள் வளைந்து வளைந்து ஏறிக் கூரைக்கு மேலே போய்விடும். புகைக்கு அந்த வழி. ஆற்றங்கரைப் பக்கமிருந்து மண்ணுக்கடியில் இன்னொரு குழாய். அது வழியாக வருகிற நல்ல காற்று சூடான சுவரை உரசிக்கொண்டு தரையோரம் அறைக்குள் நுழையும். பழைய காற்று வெளியேற, உச்சியில் கையகல ஓட்டை. சித்திரையில் இதற்குள் கிடந்து வேகவா என்று கேட்டேன்.

"அப்ப நெருப்புக் கெடையாது. சூடு மேல உள்ள ஓட்டை வழியாப் போயிரும். கீழ, ஆத்து ஈரத்துக்கடியில கெடக்க குழாயில இருந்து குளுந்த காத்து வரும்" என்றார்.

குளிருக்கும் வெயிலுக்கும் ஒரே சுவர் என்றால் யார் நம்புவார்கள்? நான் வடகரைக்குத் திரும்பிப் போய் அதையும் சொல்லிச் சிரித்தேன்.

ஆனியில் திரும்ப வந்தபோது சுவர் எழுந்திருந்தது. ஆனால் அதுவரை இரண்டு தடவை கட்டி இரண்டு தடவையும் தன் கையாலேயே இடித்திருக்கிறார் என்று சொக்கம்மாள் சொன்னாள். வெளியே நெருப்பில் ஒரு கை காய்ந்த மிளகாயைப் போட்டுவிட்டு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாராம். இருமல் வந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். இரண்டு தடவையும் இருமியிருக்கிறார். இது மூன்றாவது சுவர்.

எனக்கு அங்கேதான் புத்தி வேலை செய்தது. "இந்தத் தடவை நான் உக்காருதேன். நான் இருமுனா என் தங்கச்சி இன்னைக்கே என்கூட வண்டி ஏறணும். சம்மதமா?" என்றேன்.

கைலாசம் சொக்கம்மாளைப் பார்த்தார். அவள் எட்டு மாத வயிற்றோடு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எது சரின்னு எனக்குத் தெரியலண்ணே. பிள்ளை மூச்சு விட்டாப் போதும்" என்றாள்.

கைலாசம் தலையை ஆட்டினார். நான் உள்ளே போனேன். வெளியிலிருந்து கதவைச் சாத்தினார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இருமல் வராவிட்டாலும் இருமிவிடுவதென்றுதான் நான் உள்ளே போனேன்.

கொஞ்ச நேரத்தில் வெளியே தும்மல் ஆரம்பித்தது. பக்கத்து வீட்டில் ஒருத்தி இருமினாள். தெருவில் ஒரு கிழவர் இருமினார். "எந்தக் கரிமுடிவான் மிளகாயைத் தீயில போட்டது" என்று ஒரு பெண்பிள்ளை கத்துவது கேட்டது. தெருவே இருமிக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் ஒன்றுமில்லை. மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தேன். ஈரச் சுண்ணாம்பு வாசனைதான் வந்தது.

பிறகு முதுகுப் பக்கம் சுவர் மெல்ல வெதுவெதுப்பானது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் விட்ட பிள்ளையின் உடம்புச் சூடு. பாதத்தின் மேல் இளம் சூடாகக் காற்று ஊர்ந்து வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அத்தனை நெருப்பும் அத்தனை நெடியும், இந்தப் பக்கம் கோயிலுக்குள் போல நல்ல காற்று. ஒரு மனிதன் தன்னந்தனியாக மண்ணையும் சுண்ணாம்பையும் வைத்து இதைச் செய்திருக்கிறான். எனக்குக் கேலி செய்யக்கூட ஒரு வார்த்தை அகப்படவில்லை.

அண்ணாந்து பார்த்தேன். உச்சியில் அந்தக் கையகல ஓட்டை, அதில் கொஞ்சம் வானம். வடகரையில் நான் ஏணி போட்டு ஏறிய ஜன்னலும் அதே உயரத்தில்தான் இருந்தது. பழைய காற்று வெளியேற இருந்த ஒரே வழி. கட்டையால் இடித்து இடித்து அடைத்தேனே. சட்டிக்குக் கரி வாங்கி வந்ததும் நான்தானே. கண்ணுக்குத் தெரியாத புகை என்று அவர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கதவு திறந்தபோது என் கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் சொக்கம்மாள் முகம் விழுந்துவிட்டது. கைலாசம் மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"எங்கன கசியுது மச்சான்? எந்தப் பக்கம் நெடி வந்துது, சொல்லுங்க."

கடப்பாரையை ஓங்கிவிட்டார். நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன்.

"இடிச்சிராதேயும். எங்கயும் கசியல. ஒரு பொட்டு நெடி இல்ல."

"பின்ன கண்ணு?"

"அந்த ஜன்னல்ல சாக்கை அடைச்சது நான்தான் மாப்ள."

சொக்கம்மாள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கடப்பாரையைக் கீழே வைத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தெரியும் மச்சான். நான் வந்து பாத்தப்போ சாக்கு இருந்துது. அதுக்குப் பொறவும் சட்டியில கரி அள்ளிப் போட்டு ஊதுனது யாரு? நான்தான். பத்து வருசம் டிரையர்ல நின்னவன். மலையில காவலுக்கு நின்ன வாச்சர் ஒருத்தன் கரிச்சட்டியோட அறையைப் பூட்டிக்கிட்டுப் படுத்துச் செத்தான், அவன் முகமும் இப்படித்தான் செவந்து கெடந்துது. அதப் பாத்தவன் நான். நம்ம பிள்ளையப் பாத்துட்டு, நல்ல நிறம்னு நெனச்சேன். தேயிலைக்குப் பாத்தத என் பிள்ளைக்குப் பாக்கலியே."

அவ்வளவு நீளமாக அவர் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. சொக்கம்மாள் வந்து அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். நான் வெளியே போய் வண்டி மாட்டை அவிழ்த்துக் கட்டினேன். அன்றைக்கு வண்டி வடகரைக்குப் போகவில்லை. மறுநாள் என் தாயாரைக் கூட்டிவரத்தான் போயிற்று.

ஆடி இருபதுக்கு மேல் பெண் பிள்ளை பிறந்தது. மலையே தெரியாத அளவுக்குச் சாரல். மருத்துவச்சி முப்பிடாதி உள்ளே வந்ததும், "சட்டி எங்க?" என்று கேட்டாள். சொக்கம்மாள் அவள் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தாள். முப்பிடாதி கையை எடுக்காமல் அங்கேயே நின்றாள். பிறகு அந்தச் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கைலாசம் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டுக் கொல்லையில் நெருப்பு வாயின் முன்னால் கோணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சோறுகூட அங்கேதான். நான் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வெளியே போகும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டார்.

"நிறம் எப்பிடி இருக்கு?"

நாலாம் நாள் காலையில் என் தாயார் பிள்ளையை மடியில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டே குறைப்பட்டாள். "மொதப் பிள்ளை என்ன செவப்பு. இதைப் பாருலே, அப்படியே நம்ம வீட்டுக் கறுப்பு. எவன் கெட்டிக்கிட்டுப் போவான்?"

பிள்ளை கையைக் காலை உதைத்துக்கொண்டு அழுதது. நான் சாரலில் இறங்கிக் கொல்லைக்கு ஓடினேன். கைலாசம் தலையை நிமிர்த்தினார்.

"கறுப்பு மாப்ள. நல்ல கறுப்பு" என்றேன்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுப்பில் இன்னொரு விறகை எடுத்து வைத்தார்.