அக்காவின் பத்துப் பவுன்

கல்லூரிப் பிள்ளைகளுக்காகப் பொருளாதாரச் சொற்களை எளிமையாக எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். வட்டி, முதலீடு, சேமிப்பு வரைக்கும் மளமளவென்று எழுதிவிட்டேன். பணவீக்கம் என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. முப்பது வருஷம் வகுப்பில் வாய் கிழியப் பேசிய சொல்தான். அந்தச் சொல்லைப் படித்துக்கொண்டே அக்காவின் வாழ்க்கையை அதற்குப் பலி கொடுத்தவனும் நான்தான்.

அப்பா கொழும்புக்குப் போகும் தோணியில் வேலை பார்த்து, அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனார். அதன்பிறகு தூத்துக்குடி மில்லில் நூல் சுற்றிய அக்காவின் சம்பளம்தான் வீடு. என்னைப் படிக்க வைப்பதற்காக ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். நான் பாளையங்கோட்டையில் இன்டர்மீடியட் படிக்கும்போது அவளுக்குப் புன்னைக்காயலிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை துறைமுகத்தில் குமாஸ்தா. பத்துப் பவுன் போட வேண்டும். இரண்டாம் உலகப் போர் தொடங்கியிருந்த சமயம்; பவுன் முப்பது ரூபாய் அளவில் இருந்தது. முந்நூறு ரூபாய் சேரும்வரை காத்திருக்கிறோம் என்று அவர்களும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள்.

எங்கள் தெருப் பெண்கள் தங்கத்தை மொத்தமாக வாங்குவதில்லை. கூலி வந்ததும் ஆசாரியிடம் போய் ஒரு குண்டுமணி, இரண்டு குண்டுமணி எடைக்கு வாங்கிச் சிமிழில் போட்டு வைப்பார்கள். போதுமான அளவு சேர்ந்ததும் உருக்கி நகை செய்துகொள்வார்கள். அக்காவும் அப்படித்தான் செய்யக் கிளம்பினாள். நான் விட்டேனா? அரைகுறைப் படிப்பில் எனக்குக் கொம்பு முளைத்திருந்தது.

“சிமிழுக்குள்ள கெடக்க தங்கம் குட்டியா போடும்? தபாலாபீசுல போட்டா வட்டி வரும்க்கா. போரு முடிஞ்சா பவுன் தானா எறங்கும். அப்ப மொத்தமா வாங்கிக்கலாம்” என்றேன்.

“எல்லாரும் இப்படித்தான வாங்குதாவ?” என்று அக்கா இழுத்தாள்.

அம்மா ஒரே அதட்டலில் முடித்துவிட்டாள். “ஏளா, படிச்ச பய சொல்லுதான். பேசாம கேளு.”

கொழும்பில் குண்டு விழுந்தபோது ஊரே கதிகலங்கிப் போயிற்று. போட்ட பணம் போய்விடுமோ என்று தபாலாபீஸ் வாசலில் பணம் எடுக்க ஒரே கூட்டம். அக்கா மூச்சிரைக்க ஓடிவந்தாள். “ஏலே, எல்லாரும் எடுக்காவ. நானும் எடுத்து தங்கமா வாங்கிரட்டா?”

“படிக்காத சனம் அப்படித்தான் ஓடும்” என்று சிரித்தேன். அவள் முகத்தைப் பார்த்தே சொன்னேன், பாவி. அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

தபாலாபீஸில் பணம் பத்திரமாகத்தான் இருந்தது. நான் சொன்னது பலித்துவிட்டதென்று எனக்கு மண்டைக்கனம் இன்னும் ஏறியது. இன்டர் முடிந்து, பி.ஏ. படிக்க வழியில்லாமல் உப்பளத்தில் கணக்குப்பிள்ளையானேன். என் சம்பளம் அரிசிக்கே போதவில்லை. பவுன் நாற்பது ஆயிற்று, ஐம்பது ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் அக்கா என் முகத்தைப் பார்ப்பாள். “எறங்கும்க்கா” என்பேன்.

போரும் முடிந்தது, முந்நூறும் சேர்ந்தது. அன்றைக்குப் பவுன் அறுபதைத் தாண்டியிருந்தது; முந்நூறுக்கு ஐந்து பவுன்கூடத் தேறாது. இப்போதே வாங்கிவிடலாமா என்றாள். இன்னும் ஆறு மாசம் பொறுக்கச் சொன்னேன். என் வாயில் மண்ணைப் போட! ஆறு மாசத்தில் அது இன்னும் ஏறியதுதான் மிச்சம்.

மாப்பிள்ளையின் அம்மா நேரில் வந்தார். “வருசமும் ஆறாச்சு, பயலுக்கும் வயசாகுதுல்லா. எட்டுப் பவுன் இருந்தாக்கூட பேசி முடிச்சிருப்போம்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார். மாசாமாசம் குண்டுமணி வாங்கியிருந்தால் எட்டு சேர்ந்திருக்கும். அந்தக் கணக்கை அக்காவும் மனசுக்குள் போட்டுப் பார்த்திருப்பாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

அன்று மாலை, தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொண்டே கேட்டாள். “ஏலே, இதுக்கு ஒம் புத்தகத்துல எதும் பேரு இருக்கா?”

“இருக்கு. இன்ஃப்ளேஷன். சாமான் கொறைஞ்சு பணம் மட்டும் பெருகிச்சுன்னா, பணத்துக்கு மதிப்பு போயிரும்.”

கையில் வந்த பஞ்சை ஊதிவிட்டாள். “பேரெல்லாம் வச்சிருக்காவன்னா முந்தியும் நடந்திருக்குல்லா? ஒனக்குத் தெரியாதா?”

தெரியும். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு சம்பந்தமும் கூடிவரவில்லை. கடைசிவரை மில்லுக்குப் போனாள்.

மாப்பிள்ளையின் அம்மா வந்துபோன அந்த வருஷமே, ஜூனில் கல்லூரி திறக்கும் சமயம், பணம் முழுவதையும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். “இது இனி எனக்கு ஒதவாது. நீயாவது பி.ஏ. படி” என்றாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் பார்த்துக்கொண்டு நிற்கையிலேயே வாங்கி, சரியாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தேன்.