தர்மலிங்கத்தாரின் தொண்ணூறு லீற்றர்த் தாங்கி

தர்மலிங்கத்தார் ஒஸ்லோவின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கிருமி நீக்கும் பகுதியில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறார். அங்கே ஒவ்வொரு கருவிப் பெட்டிக்குள்ளும் ஒரு சின்னப் பட்டையை வைத்துத்தான் மூடுவார்கள். நீராவியும் சூடும் சரியாகப் போயிருந்தால் பட்டை நிறம் மாறும். மாறாவிட்டால், உள்ளே கிடக்கிற கத்தி கண்ணாடி மாதிரி மினுங்கினாலும் சரி, திரும்ப முதலிலிருந்து. புதிதாக வருகிறவர்களுக்கு அவர் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இது: கண்ணை நம்பாதே, பட்டையை நம்பு.

அப்படிப்பட்ட மனிதர், இந்த வருடக் கோடை முழுவதையும், ஒரு சிவப்பு லைற்றை நம்ப வேண்டாம் என்று மனைவியிடம் மன்றாடுவதிலேயே கழித்தார்.

மனைவி யோகராணிக்கு நாலு வருடத்துக்கு முன் அடிவயிற்றில் புற்றுநோய் வந்து, கதிர்ச் சிகிச்சை செய்தார்கள். நோய் போய்விட்டது. போகும்போது பொறுத்திருக்கும் சக்தியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கழிவறை வேண்டுமென்றால் அந்த நிமிடமே வேண்டும். அங்கே கழுவத் தண்ணீரும் வேண்டும். அவர்கள் இருக்கும் ஸ்டோவ்னரிலிருந்து நகரத்துக்குப் போகும் சுரங்க ரயிலில் கழிவறை இல்லை. தூர ரயிலில் கழிவறை இருக்கிறது, கழுவத் தண்ணீர் இல்லை, கடதாசிதான். ஆகவே யோகராணியின் நோர்வே, எட்டாம் மாடி வீட்டிலிருந்து ஸ்டோவ்னர் கடைத்தொகுதி வரைக்குமாகச் சுருங்கியது.

இதில் பெரிய குறை இருந்ததாக அவர் சொன்னதில்லை, மே மாதம் வரை. மே மாதம் திராமன் நகரில் இருக்கிற அவருடைய அண்ணன் ரவீந்திரனுக்குப் பக்கவாதம் வந்து பேச்சுப் போனது. ஆளைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். வீடியோவில் அழைத்தால் யாராவது போனைப் பிடித்துக் காட்டுவார்கள். அண்ணன் தங்கையைப் பார்ப்பார், தங்கை அண்ணனைப் பார்ப்பார், பிடித்திருக்கிறவருக்குக் கை உளைந்ததும் முகட்டு லைற் தெரியும். இன்னொருமுறையும் வரலாம், அதற்கு நாள் சொல்ல முடியாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஸ்டோவ்னரிலிருந்து திராமனுக்குக் காரில் ஐம்பது நிமிடம்.

"ஒருக்கா நேரை கண்டால் போதும்," என்றார் யோகராணி. தர்மலிங்கத்தார் பூபில் ஒன்று வாங்கினார்.

பூபில் என்றால் வீட்டைத் தூக்கி வாகனத்தில் வைத்தது: கட்டில், அடுப்பு, கை அலம்பும் தொட்டி, கழிவறையும் ஷவரும் ஒன்றான ஒரு கூண்டு. கழிவறைக்குக் கீழே தனிப் பெட்டி. கழுவுகிற, குளிக்கிற, கோப்பை அலம்புகிற தண்ணீரெல்லாம் அடியில் உள்ள தொண்ணூறு லீற்றர்த் தாங்கிக்குப் போகும். இரண்டுக்கும் கதவோரம் இரண்டு லைற். நிறைந்தால் சிவப்பு. விற்ற நோர்வேக் கிழவர் ஒரு நேர்மையான மனிதர். "கழிவுத் தண்ணித் தாங்கியின் லைற் கொஞ்சம் பொய் சொல்லும், கவனிக்காதே," என்று சொல்லித்தான் விற்றார்.

வாகனம் வாங்கினால் கோயிலில் பூசை. நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய் வைத்தாயிற்று. அப்போது யோகராணி, இது வாகனம் மட்டுமல்ல, ஆட்கள் படுத்தெழும்பப் போகிற இடம், பால் காய்ச்ச வேண்டும் என்றார். வாகனமா வீடா என்று ஐயரிடம் கேட்டார்கள். இரண்டையும் செய்தால் பிழையில்லை என்றார் ஐயர். கோயில் வாகனத் தரிப்பிடத்தில் பூபிலின் சின்ன அடுப்பில் பால் பொங்கிச் சரிந்தது. பிறகு அந்தப் பாலிலேயே அரிசி போட்டுப் புக்கை. இருபது பேர் சாப்பிட்டு, இருபது பேரும் உள்ளே வந்து புதினம் பார்த்து, அங்கேயே கைகழுவினார்கள். மிஞ்சின பாலும், புக்கைப் பானை ஊறின தண்ணீரும், நெய்யும் எல்லாம் தொட்டிக்குள் போயின. அதன் பிறகு பூபில் ஒரு கிழமை வெயிலில் நின்றது.

அடுத்த ஞாயிறு திராமனுக்கு வெளிக்கிட்டார்கள். கழிவுத் தண்ணீர் லைற் சிவப்பாக இருந்தது. கிழவர் சொன்னதை நினைத்துத் தர்மலிங்கத்தார் கவனிக்கவில்லை. நகரத்தைச் சுற்றிப் போகும் வீதியில், பெற்றோல் நிலையம் ஒன்றில் யோகராணிக்காக நிறுத்தினார். அவர் கூண்டுக்குள் போய்க் கழுவத் தொடங்க, போகவேண்டிய தண்ணீர் போகாமல் நின்றது. பிறகு திரும்பி வந்தது. ஒரு கிழமை புளித்த பால், கணுக்கால் வரை.

யோகராணி காலைத் துடைத்துக்கொண்டு வந்து முன் இருக்கையில் இருந்தார்.

"திருப்பி வீட்டை விடுங்கோ."

அன்றைக்கு லைற் சொன்னது முழு உண்மை. தர்மலிங்கத்தார் கழிவு இறக்கும் இடத்துக்குப் போய்த் தாங்கியைக் கடைசித் துளி வரை திறந்துவிட்டார். அந்த நிமிடத்திலிருந்து அது பொய் சொல்லத் தொடங்கியது. தாங்கி வெறுமை, லைற் சிவப்பு. யோகராணியோ அந்த நிமிடத்திலிருந்து அதை நம்பத் தொடங்கினார். இதில் இன்னொன்றும் இருந்தது. கழிவறைப் பெட்டியின் லைற் ஒருநாளும் பிசகியதில்லை. சுவாமிக்குக் காய்ச்சின பால் போன தாங்கிதான் கெட்டுப்போனது.

பேர்கனில் பொறியியலாளராக இருக்கிற மகள் யதுர்ஷா போனில் விளங்கப்படுத்தினாள்.

"உள்ளுக்கை ஊசி மாதிரி நாலு சென்சர் இருக்கும் அப்பா. தண்ணி தொட்டால் லைற் பத்தும். இப்ப பாலும் நெய்யும் அதிலை படையாப் பிடிச்சிட்டுது. அந்தப் படையிலை ஈரம் நிக்க, அது தண்ணி எண்டு நினைக்குது. ஏன் தொட்டிக்குள்ளை பாலை ஊத்தினனீங்கள்?"

"பொங்கின பாலை வேறை எங்கை பிள்ளை ஊத்துறது?"

"குடிச்சிருக்கலாம்."

தர்மலிங்கத்தார் கழுவினார். கழுவுவது அவருடைய தொழில், அதில் அவருக்குக் கூச்சமில்லை. சுடுதண்ணீரும் கோப்பை அலம்பும் சவர்க்காரமும் விட்டு இரவு முழுக்க ஊறவிட்டார். சிவப்பு. வினாகிரி விட்டார். சிவப்பு. சித்திரிக் அமிலத் தூளைக் கரைத்து ஊற்றி, பின்னேர வேலைக்குப் போகுமுன் பூபிலில் ஸ்டோவ்னரைச் சுற்றி மூன்று வட்டம் ஓடினார். திறந்துவிட்டபோது சின்னச் சின்ன மஞ்சள் தோல்களாக ஏதோ வந்து விழுந்தன. அவருக்குச் சந்தோசம். லைற்றுக்கு ஒன்றுமில்லை.

இந்த நேரத்தில் பழைய சிநேகிதர் வின்சென்ற் வந்து சேர்ந்தார். குளிர்சாதனம் திருத்திக்கொண்டிருந்தவர், இப்போது ஓய்வு. ஓய்வு என்றால் மற்றவர்களின் வேலையை மேற்பார்வை செய்வது.

"ஐஸ் போடு," என்றார் வின்சென்ற். "உடைச்ச ஐஸ். ஓடேக்கை அது உள்ளுக்கை உருண்டு சுரண்டும்."

கடையில் பத்துப் பை ஐஸ் வாங்கினார்கள். வெளியே பன்னிரண்டு பாகை, மழைத் தூற்றல்.

"நோர்வேக்கு வந்து ஐஸைக் கடையிலை வாங்கின முதல் தமிழன் நீதான் தர்மு. பேப்பரிலை போடலாம்."

"நீர்தானே போடச் சொன்னனீர்."

"சொன்னனான்தான். நீ உடனை வாங்குவாய் எண்டு ஆர் கண்டது?"

துவாயில் சுற்றிச் சுத்தியலால் உடைத்து, ஷவர்த் துவாரத்தின் வலையைக் கழற்றி, கைப்பிடி கைப்பிடியாகத் தள்ளினார்கள். பிறகு வளைவு வளைவாகப் பார்த்து ஓடினார்கள். ஒவ்வொரு வளைவிலும் அடியில் கலகலவென்று சத்தம். வின்சென்ற் தலையைச் சரித்துக் கேட்டு, "வேலை செய்யுது," என்றார்.

செய்தது. திரும்பி வந்து திறந்துவிட்டதும் லைற் அணைந்தது. தர்மலிங்கத்தார் ஒருதரம் போய்ப் பார்த்து, வந்து, திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு யோகராணிக்குப் போன் எடுத்தார். யோகராணி சேலை மாற்றி, அண்ணனுக்கென்று அவித்த புட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு, லிஃப்ற்றில் இறங்கி வந்தார். பூபிலுக்குள் காலை வைத்தார். லைற்றைப் பார்த்தார். அது ஒருமுறை மினுங்கி, சிவப்பாகி, அப்படியே நின்றது.

"இப்ப அணைஞ்சு கிடந்தது," என்றார் தர்மலிங்கத்தார். "வின்சென்ற்ரைக் கேளும்."

"அணைஞ்சுதான் கிடந்தது தங்கச்சி. நான் என்ரை கண்ணாலை கண்டனான்."

"வெறுந் தாங்கி, இஞ்சரும். நான்தான் திறந்துவிட்டனான். சத்தியமா ஒண்டுமில்லை."

யோகராணி புட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தார்.

"நான் ஒண்டு கேக்கிறன். உங்கடை வேலையிலை, பட்டை நிறம் மாறேல்லை எண்டால், கத்தி சுத்தம், நான் கண்டனான் எண்டு டொக்டரிட்டைக் குடுப்பியளோ?"

பத்தொன்பது வருடமாகத் தர்மலிங்கத்தார் சொல்லிவந்த பதில்தான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. வின்சென்ற் மிஞ்சின ஐஸ் பையைத் தூக்கிக்கொண்டு மெல்ல இறங்கினார்.

தர்மலிங்கத்தார் பூபில் திருத்துகிற இடத்துக்கும் போனார். தாங்கியைக் கழற்றித்தான் சென்சரை மாற்ற வேண்டும், அந்தச் சென்சர் இப்போது செய்வதில்லை, வேறொன்றைப் பொருத்திப் பார்க்கலாம், செப்ரெம்பர் நடுவில் வாருங்கள் என்றார்கள். அப்போது யூலை. திராமனிலிருந்து வந்த வீடியோவில் ரவீந்திரனின் கண் முன்னைவிட மெதுவாகத் திரும்பியது.

வழியைக் கண்டுபிடித்தது யோகராணி. ஒரு புதன்கிழமை, பின்னேரம் மூன்று மணிக்கு, குசினியில் அண்ணனுக்குப் புட்டு அவித்தபடி சொன்னார்:

"நல்ல தண்ணித் தாங்கியை வெறுமையாக்குங்கோ. அஞ்சு லீற்றர்க் கான் ரெண்டு கொண்டு போவம். பத்து லீற்றர் ஏறினால் பத்து லீற்றர்தானே கீழை போகும். தொண்ணூறு லீற்றர்த் தாங்கி எப்பிடி நிறையும்? லைற் என்னத்தையும் சொல்லட்டும்."

கோடை முழுக்கச் சவர்க்காரமும் அமிலமும் ஐஸும் செய்யாததை இரண்டு பிளாஸ்ரிக் கான் செய்துவிட்டன. "அப்ப உடனை வெளிக்கிடுவம்," என்றார் தர்மலிங்கத்தார்.

கீழே தாங்கியைத் திறந்து அடியில் ஒன்றுமில்லை என்று யோகராணிக்கே காட்டினார். வெளிக்கிட நாலேகால்.

உள்ளே கழிவறை இருக்கிற வாகனம், ஓடிக்கொண்டிருக்கும்போது கழிவறைக்குப் போக முடியாத வாகனமும்தான். இருக்கைப் பட்டி கட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். வளைவில் விழுந்து எழும்பக்கூடிய வயதும் இல்லை. ஆகவே யோகராணி அவரை "அப்பா" என்று கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் தர்மலிங்கத்தார் பஸ் தரிப்பிலோ பெற்றோல் நிலையத்திலோ ஒதுக்கினார். நகரத்தின் மேற்கே வேலை முடிந்து போகிற நெரிசல். இரண்டாவது பஸ் தரிப்பில் ஒரு பஸ் பின்னால் வந்து கோர்ன் அடித்தது. அவர் இறங்கிப் போய்ச் சாரதியிடம் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். சாரதிக்கு என்ன விளங்கியதோ, கோர்னை நிறுத்தினார். ஒவ்வொரு முறையும் யோகராணி கானைத் தூக்கிப் பார்த்து, "இன்னும் பாதி கிடக்கு," "இதிலை கால்வாசி," என்று சொல்லிக்கொண்டு வந்து இருப்பார். லைற் சிவப்பாகவே இருந்தது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. எட்டுத் தரம் நின்றார்கள். ஐம்பது நிமிடப் பயணம் ஏழரைக்கு முடிந்தது.

வெளியே வெயில் மத்தியானம் போல எறித்துக்கொண்டிருந்தது. ஆனால் பராமரிப்பு இல்லத்தில் ஏழு மணிக்கே ஆட்களைப் படுக்கவைத்துவிடுவார்கள். தாதி கதவை மெதுவாகத் திறந்து காட்டினார். கனத்த திரைச்சீலை இழுத்த இருட்டில் ரவீந்திரன் நித்திரை.

"எழுப்ப வேண்டாம்," என்று தாதி நோர்வே மொழியில் தாழ்ந்த குரலில் சொன்னார். "இப்போது விழித்தால் பிறகு தூங்கமாட்டார். காலையில் என்றால் நல்ல தெளிவாக இருப்பார்." புட்டுப் பெட்டியை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, அரைத்த சாப்பாடு மட்டும்தான் கொடுக்கலாம் என்று மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு திருப்பித் தந்தார்.

யோகராணி கதிரையை இழுத்துப்போட்டு அண்ணனின் வலக்கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்தார். அசைவில்லாத கை.

"நல்லா மெலிஞ்சு போனார், என்னப்பா."

"ஓம்."

பத்து நிமிடம் அப்படியே இருந்தார். பிறகு கையைக் கட்டிலில் வைத்துவிட்டு எழும்பி அறையோடு இருந்த கழிவறைக்குப் போனார்.

தர்மலிங்கத்தார் மூடிய கதவைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். பூபில் சாவிக்கொத்து அவருடைய கையிலிருந்து தவறி விழுந்தது. தவறுவதற்கு இரண்டு முறை முயற்சி செய்ய வேண்டியிருந்தது. முதல்முறை அது யோகராணியின் பைக்குள் சத்தமில்லாமல் போனது. இரண்டாம் முறை தரையில் விழுந்து சிதறியது போலச் சத்தம்.

ரவீந்திரன் கண்ணைத் திறந்தார். முதலில் மச்சானைப் பார்த்தார். பிறகு கதிரையைப் பார்த்தார். கதிரையில் தொங்கிய பெண்கள் பையைக் கனநேரம் பார்த்தார். இடக்கை விரல்கள் போர்வையில் அசைந்தன.

"மச்சான், யோகா வந்திருக்கிறா. உள்ளுக்கை நிக்கிறா. இந்தா, வந்திடுவா."

கதவுக்குப் பின்னால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ரவீந்திரன் கதவுப் பக்கம் கண்ணைத் திருப்பினார். தர்மலிங்கத்தார் போய்த் தட்டினார்.

"இஞ்சரும். கெதியா."

"பொறுங்கோவன். என்ரை கையிலையோ கிடக்கு?"

அவர் திரும்பிப் பார்த்தபோது ரவீந்திரனின் இமை பாதி இறங்கியிருந்தது. குனிந்து சாவியை எடுத்தார். நிமிர்ந்தபோது முழுதும் இறங்கிவிட்டது. மூச்சு முன்போலச் சீராக வந்தது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இன்னொருமுறை போட மனம் வரவில்லை. அந்த முகத்தில் அவ்வளவு களைப்பு.

யோகராணி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வந்தார்.

"என்னத்துக்குத் தட்டினனீங்கள்? அண்ணை எழும்பினவரோ?"

"இல்லை," என்றார் தர்மலிங்கத்தார். "நேரம் போகுது, அதுதான்."

யோகராணி உடனே நம்பினார். இரண்டு மாதத்தில் அவர் சொன்னதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது இதுதான் முதல்முறை. கதிரையில் இருந்து, அந்தக் கையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"நல்லகாலம்," என்றார். "நான் அங்காலை நிக்கேக்கை முழிச்சிருந்தால், ஒருத்தருமில்லை எண்டெல்லோ நினைச்சிருப்பார். நாளைக்கு வெள்ளென வெளிக்கிடுவம். ஆறு மணிக்கு வெளிக்கிட்டால் முழிப்பிலை காணலாம்."

தர்மலிங்கத்தாருக்கு நாளை காலை வேலை.

"ஓம்," என்றார்.