மாஸ்டருக்கு வந்த பொம்பளை வியாதி

"கிளட்ச்ச மிதிக்காதீங்க, கொஞ்சுங்க" என்று சொல்லிவிட்டு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் கண்ணை மூடிக்கொள்வார். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் புது ஆள். உயிரையும் சேர்த்துப் பிடித்திருப்பார். பக்கத்து இருக்கையில் மாஸ்டர், தனக்கென்று பொருத்தியிருக்கும் இன்னொரு பிரேக்கின் மேல் காலை வைத்தபடி, மோவாயை மெல்ல மார்பில் இறக்குவார். வண்டி கற்றுக்கொள்ள வந்தவர்கள் இதை அனுபவத்தின் முதிர்ச்சி என்று நினைத்தார்கள். இஞ்சின் சத்தத்தை வைத்தே எல்லாவற்றையும் கண்டுபிடிக்கிறாராம். குறட்டை கேட்ட பிறகுதான் சிலருக்குச் சந்தேகம் தட்டியது.

கேட்டால், "யோசிச்சுட்டு இருந்தேன்" என்பார். அந்த வருஷம் அவர் நிறைய யோசித்தார். காரில், சாப்பாட்டுத் தட்டின் முன்னால், பல் விளக்கும்போது வாயில் பிரஷ்ஷோடு. கழிப்பறைக்குள் செய்தித்தாளோடு போனால், டெண்டர் விளம்பரம் வரை படித்து முடித்தும் போன காரியம் முடியாமல் வெளியே வருவார்.

ஊரே வெயிலில் வேகும்போது, காரின் கண்ணாடிகளை ஏற்றி, ஏசியை அணைத்து, ஸ்வெட்டரின் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொள்வார். "ஏசி போட்டா கவனம் சிதறும்" என்பது அவர் கண்டுபிடித்த போக்குவரத்து விதி. ஓட்டுபவரின் புருவத்திலிருந்து வியர்வை சொட்டிக் கண்ணை மறைப்பது கவனத்தில் சேராது போலும். ஒரு காலத்தில் அவர் "நிறுத்து!" என்றால் பின்னால் வரும் பஸ்ஸும் நின்றுவிடும். இப்போது அந்தக் குரல் குடத்துக்குள் விழுந்த தவளையுடையதாகிவிட்டது. முகம் உப்பிவிட்டது. சட்டைகள் இறுக்கமானதற்குத் துணி தரம் கெட்டுப்போனதுதான் காரணம் என்று தையற்காரரிடம் சண்டைக்கே போய்விட்டார்.

வீட்டில் இந்த அறிகுறிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர் மனைவி. தபால் நிலையத்தில் கவுண்டர் வேலை. மகள் பிறந்ததிலிருந்து அந்தம்மாவுக்குத் தைராய்டு குறைவு. காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் ஒரு சின்ன மாத்திரை. அப்புறம் காபிக்குக் காத்திருப்பு. அந்தக் காத்திருப்பு மாஸ்டருக்குப் பல வருஷத் தமாஷ். "அம்மா தவத்துல இருக்காங்க, யாரும் தொந்தரவு பண்ணாதீங்க" என்று தன் காபியை அவர் முகத்துக்கு நேரே உறிஞ்சுவார். உறவுக்காரர்கள் வந்தால் தமாஷ் தத்துவமாக வளரும். "தைராய்டுன்னா வேற ஒண்ணுமில்ல. சோம்பேறித்தனத்துக்கு டாக்டருங்க வெச்ச பேரு." எல்லோரும் சிரிப்பார்கள். அந்தம்மா அதையும் மாத்திரையோடு சேர்த்து விழுங்கிவிட்டு வேலைக்குக் கிளம்புவார்.

"உங்களுக்கும் ஒரு தடவ ரத்தம் பாத்துடலாமே" என்று அவர்தான் முதலில் சொன்னார்.

"எனக்கா? அது பொம்பளைங்க வியாதி" என்றார் மாஸ்டர். ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு சொன்னார்.

பிறகு ஒரு முற்பகலில் அது நடந்தது. ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளராக இருக்கும் பெண். பயிற்சிக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சந்திலிருந்து ஒரு பால் வேன் ஹாரன்கூட அடிக்காமல் பின்னோக்கி வந்தது. மாஸ்டர் கண்ணைத் திறந்துதான் இருந்தார். வேனைப் பார்த்தார். பிரேக் என்று மனசு சொன்னது. அந்தச் செய்தி காலுக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பெண்ணே ஓங்கி மிதித்துவிட்டார். வேனுக்கும் காருக்கும் நடுவில் ஒரு பூனை புகுந்து போகும் அளவுக்கு இடம் மிச்சமிருந்தது.

"மாஸ்டர், தூங்கிட்டீங்களா?"

"சேச்சே. உங்கள சோதிச்சேன். நீங்க பாஸ்" என்றார். கதவைத் திறந்து இறங்கியவர், வெகுநேரம் காரின் மேல் சாய்ந்தே நின்றார். பிரேக்கை மிதிக்காமல் விட்ட காலைக் குனிந்து பார்த்தார். முப்பது வருஷமாக அவர் விற்றதெல்லாம் அந்த ஒரு காலைத்தான்.

இந்த இடத்தில் புத்தியுள்ளவர் டாக்டரிடம் போவார். மாஸ்டர் மனைவியின் மாத்திரை டப்பாவிடம் போனார். பொம்பளை வியாதிக்கு வைத்தியம் பார்க்கப்போய் நாலு பேர் கண்ணில் படுவானேன்? மனைவி குளிக்கப் போனதும் ஒரு தைராய்டு மாத்திரை. குடும்பத்தில் எல்லாம் பொதுதானே என்று மனைவியுடைய இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளிலும் ஒவ்வொன்று. மூன்றையும் ஒரே மடக்காகச் சூடான காபியில் இறக்கினார். கூடுதல் வகுப்பு இருந்த நாளில் இரண்டிரண்டாகப் போட்டார். அன்றைக்கும் தூங்கினார்.

மாத்திரை அட்டை நாள் கணக்குக்கு முன்பே காலியானதும் அந்தம்மா சத்தம் போடவில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்த மாஸ்டரிடம் சாவகாசமாகச் சொன்னார்: "வீட்டுல எலி இருக்கு."

"அப்படியா? பொறி வெச்சுடுவோம்."

"தைராய்டு உள்ள எலி. எதுத்தாப்புல உட்காந்து சாப்புடுது. நாளைக்கு ரத்தம் எடுக்கக் கூட்டிட்டுப் போறேன்."

எலி மறுபேச்சில்லாமல் கை கழுவிக்கொண்டது.

டாக்டர் சின்னப் பெண். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, சுரப்பி வேலையைக் குறைத்து வெகுநாளாகிறது என்றார். பி12ம் வைட்டமின் டியும் தரையில் கிடந்தன.

"ஆம்பளைக்கு எப்படி டாக்டர் தைராய்டு வரும்?"

"கழுத்து இருக்குற யாருக்கு வேணா வரும் சார். பொம்பளைங்களுக்கு அதிகம், அவ்வளவுதான்."

"சரி, வெயில்ல கெடைக்கிற வைட்டமின் டியுமா கொறையும்? நான் நாள் பூரா ரோட்டுலதான கெடக்கேன்?"

"கண்ணாடிய ஏத்திக்கிட்டு, ஸ்வெட்டரும் போட்டுக்கிட்டு" என்றார் மனைவி.

திருட்டு மாத்திரை விஷயமும் வெளியே வந்தது. அதைப் போட்டுக்கொடுத்தவரும் மனைவிதான். டாக்டர் சிரிக்கவில்லை. அடுத்தவர் மாத்திரையை அளவு தெரியாமல் போட்டால் இதயம் தறிகெட்டுத் துடிக்கலாம் என்றார். காபியோடும் இரும்பு, கால்சியத்தோடும் சேர்த்துப் போட்டால் மாத்திரை உடம்பில் சரியாக ஏறாது. காபிக்கு அரைமணி ஒருமணி, அந்த மாத்திரைகளுக்கு நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்றார். மாஸ்டருக்கென்று தனியாக ஒரு மாத்திரை எழுதினார். ஒன்றரை மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்துத்தான் அளவை மாற்ற வேண்டுமாம்.

"சீக்கிரம் சரியாக எதாவது...?"

"இல்ல சார். மெதுவாத்தான் ஏறும். அதுவரைக்கும் வண்டில உட்காராதீங்க."

அந்த ஓய்வு நாட்களில் மாஸ்டர் கூடத்து நாற்காலியில் நனைந்த மணல் மூட்டையாகக் கிடந்தார். ஒரு மாலை, வேலையிலிருந்து வந்த மனைவி செருப்பைக் கழற்றும்போது அவரிடம் மாஸ்டர் கேட்டார்.

"உனக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

"எப்படி?"

"கையத் தூக்கணும்னாகூட யார்கிட்டயாவது கெஞ்சணும்போல."

"ம். பாப்பா கைக்குழந்தையா இருந்தப்போ ரொம்ப."

"அப்புறம் எப்படி எந்திரிச்ச?"

"நீங்க கேலி பண்ற சத்தத்துல தூக்கம் கலைஞ்சுடும்" என்று சொல்லிவிட்டு அந்தம்மா முகம் கழுவப் போய்விட்டார். மாஸ்டர் வெகுநேரம் யோசித்தார். இந்தத் தடவை கண் திறந்திருந்தது.

உடம்பு தேறியது, அவசரமே இல்லாமல். முதலில் கழிப்பறை டெண்டர் விளம்பரங்களிலிருந்து விடுதலை. பிறகு தூக்கம் குறைந்தது. குரல் பாதி வழி திரும்பி வந்தது. டாக்டர் சம்மதித்த பிறகு வண்டியிலும் ஏறினார். குணம் மட்டும் மருந்துக்குக் கட்டுப்படவில்லை. நேற்றுவரை அதைச் சோம்பேறித்தனம் என்றவர், இன்று உலகத்துக்கே தைராய்டு பேராசிரியர். யாராவது கியர் மாற்றும்போது கொட்டாவி விட்டால் போதும், "ரத்தம் பாத்தீங்களா?" என்று ஆரம்பித்துவிடுவார். சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரரின் வீங்கிய முகத்தைப் பார்த்து, பச்சை விழுந்த பிறகும் ஆலோசனை சொன்னதாகக் கேள்வி.

போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய அண்ணன் வந்திருந்தார். பழைய தமாஷுக்கெல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தவர். வந்ததும் வராததுமாகப் படுக்கையறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். தபால் நிலையத்தில் வாரம் முழுக்க வேலை பார்த்துக் களைத்திருந்த அந்தம்மா இன்னும் எழுந்திருக்கவில்லை.

"என்னடா, உன் வீட்டம்மா இன்னும் எந்திரிக்கலையா?" என்று உரக்கக் கேட்டுவிட்டு, தம்பியின் வழக்கமான பதிலுக்காகச் சிரிப்பை வாயிலேயே தயாராக வைத்துக்கொண்டார்.

மாஸ்டர் எழுந்தார். அறைக்கதவின் பிடியைக் கீழே அழுத்திப் பிடித்தபடி, பூட்டின் நாக்கு சட்டத்தில் இடித்துச் சத்தம் போடாமல் கதவை நிலையோடு சேர்த்தார். பிறகு பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்.