பதினாலாம் நம்பர் ஸ்டிக்கர்

எனக்கு மனச்சிதைவு நோய் என்று முடிவாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் இரண்டு விரல்களில் வியர்வையை அளக்கும் ஒயரை மாட்டி, ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்க வைத்தார். அந்த ஒயர் யாரிடமோ என்னைக் காட்டிக்கொடுக்கிறது என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

"பலருக்கு நாலஞ்சு தடவைல இந்தச் சத்தம் பழகிரும். உங்க ஒடம்பு ஒவ்வொரு தடவையும் புதுசாப் பயப்படுதுங்க. கை வேர்த்தா ஆபத்துன்னு அர்த்தமில்ல. முதல்ல கண்ணால பாருங்க," என்றார்.

பார்க்காமலா இருக்கிறேன்! பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையே அதுதானே. ஒவ்வொரு பீஸையும் விரித்துப் பார்த்து, சரியென்றால் அவரவர் நம்பர் ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். என் நம்பர் பதினாலு. ஸ்கெட்ச் பேனாவில் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வேன். நோய் விஷயம் அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வேலை போய்விடும்.

பக்கத்தில் நின்று செக்கிங் செய்யும் அக்கா மீது எனக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம். சிரித்தாலும் சந்தேகம், சிரிக்காவிட்டாலும் சந்தேகம். டீ வாங்கி நீட்டினால் தொட மாட்டேன். 'எல்லாம் நோய்டி, அடங்கு' என்று என்னையே திட்டிக்கொள்வேன்.

ஒரு நாள் சூப்பர்வைசர் பத்து வெள்ளை பனியன்களை என் முன்னால் போட்டார். பத்திலும் எண்ணெய்க் கறை. பத்திலும் என் நம்பர்.

"ஏனுங்க, கண்ணு தெரியலீங்களா? இப்படின்னா நாளைக்கு வர வேண்டாமுங்க."

உள்ளங்கை நனைந்துவிட்டது. அக்கா தலை நிமிரவே இல்லை. அட, இவள்தான் செய்தாள் என்று தோன்றியது. அப்படித் தோன்றுவதுதானே என் நோய்! அதனால் கண்ணால் பார்த்தேன். பத்து ஸ்டிக்கரிலும் பதினாலு பளிச்சென்று இருந்தது. நான் ஒட்டினால் அப்படி இருக்காது, கை ஈரத்தில் மை கலங்கிவிடும்.

நான் பார்த்து முடித்த பனியன் கட்டைப் பிரித்துக் காட்டினேன். எல்லாம் கலங்கல். அவர் கண்ணெதிரே ஒன்றை ஒட்டியும் காட்டினேன். "இதெல்லாம் நான் ஒட்டுனதில்லீங்க. டீக்குப் போனப்ப யாரோ என் ஸ்டிக்கர எடுத்திருக்காங்க."

அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். "கறையக் கவனிக்காம உட்டுட்டனுங்க. அப்பறம் பாத்ததும் வேல போயிருமோன்னு பயந்து, என் ஸ்டிக்கர உரிச்சிட்டு அவங்க நம்பர ஒட்டிட்டேன்."

எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! நிஜமாகவே ஒருத்தி எனக்குக் குழி பறித்திருக்கிறாள், நான் நினைத்தது சரி.

சூப்பர்வைசர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது சரீங்க. ஃபேனுக்குக் கீழ நின்னுட்டு உங்களுக்கு மட்டும் ஏனுங்க இப்படி வேர்க்குது?"

"சூட்டு ஒடம்புங்க," என்றேன்.

அவர் நம்பவில்லை என்று தோன்றியது. நிஜமாகவே நம்பவில்லையா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா என்று இன்றுவரை தெரியாது.