நான் மறைத்த ஒரு கரண்டிப் பால்

என் மகள் லக்சிகா பிறந்து ஒன்பது மாதம் வரைக்கும் வாயால் ஒரு சொட்டுப் பால் விழுங்கியதில்லை. மூக்கு வழியாக விட்ட மெல்லிய குழாயால்தான் பால் வயிற்றுக்குப் போனது. பிளாஸ்டர் ஒட்டி ஒட்டிக் கன்னத்துத் தோல் உரிந்துபோய் இருக்கும். வற்றாப்பளை அம்மனை நம்புகிறவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தேன். இதில் நான் செய்த பிழையும் இருப்பதால்தான் தயங்கினேன்.

நாங்கள் உருத்திரபுரத்தில் வயல் செய்கிறோம். கலியாணம் கட்டி ஒன்பது வருடத்தில் இரண்டு கரு தங்கவில்லை. மூன்றாவதாக வந்தவள் ஒரு ஆவணி மாதத்தில், ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். இரண்டு மாதம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். முதன்முதலில் பால் கொடுத்துப் பார்த்தபோது அது மூச்சுக்குழாய்க்குள் போய் நியூமோனியா வந்தது. அதற்குப் பிறகு குழாய்தான் என்றார்கள். குழாயில் பொருத்திய சிறிஞ்சை உயர்த்திப் பிடித்து, பால் தானாக மெல்ல இறங்கும்வரை காத்திருக்கத் தாதிமார் எனக்குப் பழக்கிவிட்டார்கள். அவள் பலமாகத் தும்மினால் குழாய் வெளியே வந்துவிடும். மறுபடி போடுவதற்குப் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். பஸ்ஸில் சனம் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும்.

கரண்டியைக் கண்டாலே அவள் ஓங்காளிப்பாள். என் விரல் உதட்டுக்குக் கிட்டப் போனாலும் வீரிட்டு அழுவாள். என் பிள்ளைக்கு நானே பயமாகிப் போனேன். வீட்டில் சாமிப்படத்துக்கு விளக்கு வைப்பதையும் விட்டுவிட்டேன்.

மாசி மாதம் ஒரு மத்தியானம். என் கணவர் நெல்லுச் சூடு அடிக்கும் வேலையாக வயலில் நின்றார். பக்கத்து வளவில் லக்சிகாவின் வயதுப் பிள்ளை ஒன்று மசித்த வாழைப்பழத்தைச் சப்பிச் சப்பித் தின்பதைப் பார்த்துவிட்டு வந்தேன். எனக்குள் ஏதோ அறுந்துபோனது. குழாயால் கொடுக்க எடுத்த பாலில் ஒரு கரண்டி அள்ளினேன். அவளை மடியில் கிடத்தி, இரண்டு கையையும் அமத்திப் பிடித்து, வாயைத் திறந்து ஊற்றினேன். ஒருதரம் விழுங்கிவிட்டால் பழகிவிடுவாள் என்று நினைத்தேன்.

அவள் விழுங்கவில்லை. உதடு நீலமானது. சத்தம் வரவில்லை. அயலவரின் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே டொக்டர் என்னைக் கேட்டார், "அம்மா, வாயால ஏதும் குடுத்தனீங்களோ?"

"இல்லை டொக்டர். குழாயாலதான் குடுத்தது. பாலைச் சத்தி எடுத்தவா."

அந்தப் பொய்யை நான் யோசித்துச் சொல்லவில்லை. வந்துவிட்டது. பிறகு திருப்பி எடுக்க முடியவில்லை.

இரண்டு கிழமை ஒட்சிசனில் கிடந்தாள். பக்கத்துக் கட்டிலிலும் குழாயோடு ஒரு குழந்தை இருந்தது. ஒரு காலையில் பார்த்தேன், அந்தக் கட்டிலில் பிள்ளை இல்லை, விரிப்பு மாற்றியிருந்தார்கள். தாய் தன்னுடைய சுடுதண்ணிப் போத்தலையும் துணிகளையும் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. அவளைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

குழாயால் கொடுக்கும் பாலே மேலே ஏறி நுரையீரலுக்குப் போகிறது என்று டொக்டர்மார் நம்பினார்கள். நான் சொன்னதைத்தானே அவர்கள் நம்பமுடியும். கொழும்புக்கு அனுப்பி, ஒப்பரேசன் செய்து, வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைக்கவேண்டும் என்றார்கள். இந்த நுரையீரலோடு மயக்க மருந்தைத் தாங்குவாளா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார்கள். என் கணவர் கையெழுத்துப் போட்டார். நான் பக்கத்தில் பேசாமல் நின்றேன்.

அடுத்த நாள் பங்குனி மாதத்துத் திங்கட்கிழமை, அம்மனுக்கு உகந்த நாள். பிள்ளையைக் கணவரிடம் விட்டுவிட்டு வற்றாப்பளைக்குப் பஸ் ஏறினேன். யுத்தம் முடிந்த பிறகு அந்தப் பக்கமே நான் போனதில்லை. கோயிலுக்குப் பக்கத்து நந்திக்கடல் கரையில்தான் யுத்தத்தில் என் தம்பியைப் பறிகொடுத்தோம். அன்று நான் கூப்பிட்டபோது அம்மன் வரவில்லை என்ற கோபம் எனக்குள் அப்படியே இருந்தது.

சந்நிதியில் நின்று, என் பிள்ளையின் தொண்டையைத் திறந்துவிடு தாயே என்று கேட்கத்தான் போனேன். கேட்க முடியவில்லை. "நான்தான் ஊத்தினனான், அம்மா" என்பதுதான் வாயில் வந்தது. சத்தமாகவே வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஒரு பெண் திரும்பிப் பார்த்தா. வேறொன்றும் நடக்கவில்லை. பூ விழவில்லை, யாரும் உருவாடி வந்து எனக்கு வாக்குச் சொல்லவில்லை. ஆனால் ஒருதரம் சொன்னதை இன்னொருதரமும் சொல்லலாம் என்ற தைரியம் எனக்கு வந்திருந்தது. அது என்னுடையது அல்ல. நான் அப்படிப்பட்டவள் அல்ல.

வந்தவுடன் கணவருக்குச் சொன்னேன். அவர் எழும்பி வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு கனநாள் என்னோடு கதைக்கவில்லை. டொக்டரிடம் தனியாகத்தான் போனேன். அவர் கேட்டு முடித்துவிட்டுப் பிள்ளையின் கொப்பியைத் திறந்தார்.

"இதை அண்டைக்கே சொல்லியிருக்க வேணும், அம்மா. சரி, இப்பவாவது சொன்னீங்கள். ஒப்பரேசனை இப்போதைக்கு நிப்பாட்டுவம்."

பிறகு பிள்ளைகளுக்கு விழுங்கப் பழக்கும் சிகிச்சையாளர் ஒருவரிடம் எங்களை அனுப்பினார். இளம் பெண்பிள்ளை. அவா லக்சிகாவை வெகுநேரம் தொடாமலே பார்த்துக்கொண்டிருந்தா.

"வாய்க்குக் கிட்ட வந்ததெல்லாம் இவவுக்கு நோவைத்தான் தந்தது. முதல் அந்தப் பயம் போகட்டும். நான் சொல்லுமட்டும் வாயால பால் வேண்டாம்."

கழுவிய விரலால் முதலில் கால், பிறகு கை, பிறகு கன்னம். குழாயால் பால் இறங்கும் நேரத்தில் உதட்டோரம் தடவவேண்டும். வாய் தொடுபடும்போது வயிறும் நிறையும் என்று பிள்ளைக்குத் தெரியவேண்டுமாம். முகத்தைத் திருப்பினால் அந்த இடத்திலேயே நிறுத்தவேண்டும். நிறுத்துவதுதான் எனக்குப் பெரிய பாடாக இருந்தது. ஒவ்வொரு முறையும் அம்மனை நினைத்துக் கையை எடுத்தேன். முப்பது நாள் போயும் அவள் என் விரலைத் தொடவிடவில்லை. பிறகொரு நாள் கன்னத்தில் விட்டாள். பிறகு உதட்டில்.

வைகாசி மாதம், சிகிச்சை அறையில், அவளை நிமிர்த்தி வைத்துக்கொண்டு என் விரல் நுனியில் ஒரு சொட்டுப் பால் வைக்கச் சொன்னா அந்தச் சிகிச்சையாளர். லக்சிகா விரலைச் சப்பினாள். தொண்டை ஏறி இறங்கியது. அவாவும் நானும் இருமலுக்குக் காத்திருந்தோம். இருமல் வரவில்லை. அவள் மறுபடியும் என் விரலைத் தேடினாள். என் கணவர் கதவடியில் நின்றிருந்தார். "விழுங்கிப் போட்டாள் என்ன" என்றார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவர் என்னோடு கதைத்தது அதுதான்.

ஆடி முடிய முன்னர் குழாயைக் கழற்றினார்கள்.

இப்போது அவளுக்கு மூன்று வயது. குழையவிட்ட சோறு தின்கிறாள். மெதுவாகத்தான் தின்கிறாள். மழைக்காலத்தில் நெஞ்சு இழுக்கும். நுரையீரலில் ஒரு பகுதி சுருங்கியே இருக்கிறது. அது அந்தக் கரண்டியால் வந்ததா, முந்தியே இருந்ததா என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் இரைக்கிற நேரங்களில் முதுகைத் தடவிக்கொண்டு இருப்பேன்.

பக்கத்துக் கட்டில் தாய்க்கு அம்மன் ஏன் பிள்ளையைக் கொடுக்கவில்லை, என் தம்பிக்கு ஏன் இரங்கவில்லை என்று எனக்குத் தெரியாது. எனக்கு இரங்கினாள் என்பது மட்டும் தெரியும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் விளக்கு வைக்கிறேன். பிள்ளையை வைத்துக்கொண்டு யாருக்கும் சொல்லமுடியாத ஒன்றோடு இருக்கிறவர்கள் இதை வாசித்தால், அம்மனிடம் போங்கள். உள்ளதைச் சொல்லுங்கள். பிறகு அங்கிருந்து நேரே டொக்டரிடம் போய் அதையே சொல்லுங்கள்.